வண்டி வராத மலைச்சாலையில் சைக்கிள் பழகினேன்

நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது இருபத்திரண்டாவது வயதில், கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து, ஜவ்வாது மலைமேல். காஞ்சிபுரத்துக்காரி சைக்கிள் பழக மலையேறிப் போவானேன் என்று கேட்டால், நான் பிறந்த தெருவிலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் விடிந்ததும் தெருவில் பாவு விரித்துவிடுவார்கள். தறியில் ஏற்றப் போகிற பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துப் போவார்கள். அதுவரை மனிதர்களும் ஓரமாகத்தான் நடக்க வேண்டும், ஆடுகளும் ஓரமாகத்தான் நடக்க வேண்டும். பாவு எடுத்த பிறகு தெரு காலியாகும் என்று நினைக்க வேண்டாம். சாயப் பட்டறையிலிருந்து ஈரப் பட்டு நூலைக் கழியில் மாட்டித் தூக்கி வருகிறவர்கள், சரிகை வாங்கப் போகிறவர்கள், எதிரும் புதிருமாக மணியடித்துக்கொண்டு வரும் சைக்கிள்கள் என்று இருட்டும் வரை நெரிசல்தான்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒருநாள் காலை அண்ணன் அரைமணி நேரத்துக்கு வாடகை சைக்கிள் எடுத்து வந்தான். எனக்கும் கொஞ்சம் கொடு என்று கெஞ்சி வாங்கினேன். பாருக்கு அடியில் காலை விட்டு மிதிக்கிற குரங்கு பெடல்தான். அண்ணன் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். தெருமுனையில் யாரோ கூப்பிட்டதும் விட்டுவிட்டான். நான் நேராகப் போய் எதிர்வீட்டுக்காரரின் பாவில் விழுந்தேன். அரக்கு நிறப் பாவு. சைக்கிளின் முன்சக்கரத்தில் பட்டு சுற்றிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று எங்கள் வீட்டார் எல்லோரும், நான் உட்பட, தெருவில் உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் திட்டவே இல்லை. அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"உன் காலு ராட்டைகிட்ட மடக்கி ஒக்காரட்டும்மா. ரோட்டுக்கு வேணாம்," என்றார் அப்பா. என் சைக்கிள் ஆசை அன்றோடு அடங்கியது. கல்யாணம் வரை ராட்டையில் உட்கார்ந்து, தறிக்கான ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றினேன்.

என் வீட்டுக்காரர் தென்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர்கள் வீட்டில் முதன்முதலாக அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். சாலைகளைப் பராமரிக்கிற அலுவலகத்தில் வேலை. தினமும் சைக்கிளில் கிளம்பி, எந்த ரோட்டில் எங்கே குழி, எந்தச் சிறுபாலத்தில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு வருவார். ஆள் ஒல்லி, பேச்சு குறைவு, எழுத்து மட்டும் மணிமணியாக இருக்கும். வயிற்றுப் புண் உண்டு. மிளகாய் ஒரு விதை உள்ளே போனாலும் ராத்திரி முழுக்கப் புரளுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அவர் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். ஜவ்வாது மலையில் ஒரு சாலை. போளூருக்கு மேலே ஏறிப் போகிற சாலை. அதில் ஒரு வாரத்துக்கு எத்தனை வண்டி போகிறது, எத்தனை வருகிறது என்று உட்கார்ந்து எண்ண வேண்டும். அந்த ஊர் அலுவலகத்தில் ஆள் போதாமல் இவரைக் கேட்டிருந்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை எண்ண வேண்டும். அதை வைத்துத்தான் அந்தச் சாலைக்குத் தார் போடுவதா, பஸ் விடுவதா என்றெல்லாம் யோசிப்பார்களாம்.

மாமியார் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பாதி நாள் தென்னேரியில் நிலத்தைப் பார்ப்பார், பாதி நாள் எங்களோடு காஞ்சிபுரத்தில் இருப்பார். உரத்த குரல், பெரிய உடம்பு, எதற்கும் அசராத மனுஷி.

"வெளிய சாப்டா இவனுக்கு வவுறு தாங்காது. நீயும் கூட போய்ட்டு வாம்மா. ஒரு வாரம் மோர்சோறு ஆக்கிப் போடு," என்றார்.

"மலை மேல எங்க தங்கறது அத்த? கரடியெல்லாம் இருக்குதாமே."

"அவன் எங்க தங்கறானோ அங்க தங்கு. கரடி வந்தா ரெண்டு பேரும் சேந்து ஓடுங்க."

அப்படித்தான் நான் கிளம்பினேன். இரண்டு பாத்திரம், அரிசி, மணத்தக்காளி வற்றல், ஒரு கம்பளி. பஸ் கூரையில் அவருடைய சைக்கிளைக் கட்டினார்கள். ஆரணியில் இறங்கி வேறு பஸ், போளூரில் இறங்கி ஒரு மாட்டு வண்டி, மலையடிவாரத்தில் அதையும் விட்டுவிட்டு நடை. சாமான்களை சைக்கிளில் கட்டி அவர் தள்ளிக்கொண்டு போனார், நான் பின்னால் நடந்தேன். எட்டு மைல் ஏற்றம். கொண்டை ஊசி வளைவு என்று அவர் சொன்ன இடங்களிலெல்லாம், இப்போதுதான் கடந்து வந்த சாலை காலுக்குக் கீழே கயிறு மாதிரிக் கிடந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்துப் பார்த்தேன். தறிச்சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து கண் விழித்திருந்த நேரமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம். கல்யாணமான பிறகும் பக்கத்து வீட்டில் தறி ஓடியது. அது நின்றுபோனதும் எங்கோ இலை விழுவதுகூடக் கேட்டது.

சாலைப் பணியாட்கள் மண்வெட்டி, கூடை போட்டு வைக்கிற ஓட்டு வீடு ஒன்றில் இடம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பலாமரம், அதன் நிழலில் ஒரு முக்காலி. அதுதான் எண்ணுகிற இடம். அங்கிருந்து பார்த்தால் சாலை இரண்டு பக்கமும் ஒரு மைலுக்கு ஏறக்குறைய சமமாக ஓடும். பிறகு மேல் பக்கம் ஏறிவிடும், கீழ்ப் பக்கம் வளைந்து இறங்கிவிடும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் முக்காலியில் உட்கார்ந்தார். மடியில் அட்டை, அட்டையில் படிவம், காதில் பென்சில். படிவத்தில் பஸ், லாரி, கார் அல்லது ஜீப், மாட்டு வண்டி, சைக்கிள் என்று கட்டங்கள். ஒரு வண்டி போனால் ஒரு கோடு. நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது கட்டமெல்லாம் வெள்ளையாக இருந்தது. மத்தியானச் சோறு கொண்டுபோனபோதும் அப்படியே இருந்தது. மூன்று மணி வாக்கில் விறகு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. அவர் எழுந்து நின்றே கோடு போட்டார். வண்டிக்காரர் பயந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லபா, நீ போ. உன்ன எழுதிக்கினேன்," என்றார் இவர்.

"என்னைய எதுக்கு சாமி எழுதற?" என்று கேட்டுக்கொண்டே அவர் மாட்டை விரட்டிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் காலை, பாத்திரம் கழுவிவிட்டு வந்து சாலையைப் பார்த்தேன். சரளை போட்ட சிவப்புச் சாலை, பனி இன்னும் முழுதாக விலகவில்லை. இந்தப் பக்கமும் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை. ஒரு பாவு இல்லை. சுவரில் சாய்த்த சைக்கிள் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"இன்னாங்க, நான் சைக்கிள் கத்துக்கட்டுமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "புடவ செயின்ல மாட்டுமே," என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய், மலைக் குளிருக்கென்று புதிதாகத் தைத்த பைஜாமாவை எடுத்து வந்து கொடுத்துவிட்டு மறுபடி முக்காலிக்கு ஓடினார். ஆறிலிருந்து ஆறு வரை அந்த முக்காலியை விட்டு நகரக் கூடாது என்பது அவருடைய கொள்கை. வண்டியே வராவிட்டாலும் கொள்கை கொள்கைதான்.

அவர் பைஜாமா, அவர் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கண்ணாடி இல்லாதது நல்லதாகப் போயிற்று. குரங்கு பெடலில் தொடங்கினேன். பத்து வருஷத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது மாதிரிதான் இருந்தது. பத்தடி போய் விழுந்தேன். எழுந்து மறுபடி பத்தடி. அவர் மரத்தடியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"கீழ பாக்காதமா. தூரமா பாரு."

"தூரமா பாத்தா பயமா இருக்குதே."

"அப்ப என்னையப் பாரு."

அவரைப் பார்த்தேன். நேராக அவர்மேலேயே போய் ஏறினேன். முக்காலி ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். அவர் முதலில் படிவம் கிழிந்ததா என்று பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தோம். கல்யாணமாகி அவ்வளவு நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காஞ்சிபுரத்தில் எங்களுடையது ஒண்டுக் குடித்தனம். சிரித்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

அப்போது சாலையில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. தலையில் புளி மூட்டையோடு ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். மேலே ஏதோ ஒரு மலைக் கிராமத்திலிருந்து தினமும் அடிவாரத்துக்கு இறங்கி, புளியோ தேனோ சாமையோ விற்றுவிட்டு, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு ஏறுகிறவர். மூட்டையை இறக்கி வைத்தார்.

"பின்னால ஆளு புடிக்காம எப்படி ஓட்டுவ தங்கச்சி? குந்து, நான் புடிக்கறேன்," என்றார்.

"நீங்க இதுக்கு முன்ன சைக்கிள் புடிச்சிருக்கீங்களாக்கா?"

"கன்னுக்குட்டி புடிச்சிருக்கேன். இது அதும்மாதிரிதான."

கேரியரைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடி வந்த வேகம் எனக்கு இன்னும் ஆச்சரியம். எட்டு மைல் சுமையோடு ஏறி இறங்குகிற கால். மூச்சு வாங்கவே இல்லை. சாலை மேலே ஏறத் தொடங்குகிற இடம் வரை போய்த் திரும்பினோம். அன்றிலிருந்து தினமும் இறங்கும்போது கொஞ்ச நேரம், ஏறும்போது கொஞ்ச நேரம் என்று என் பின்னால் ஓடினார். வழியில் அவரோடு வரும் மற்றப் பெண்களும் சுமையை இறக்கிவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் விழும்போதெல்லாம் நியாயமாகச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன், அந்த அக்கா என் வீட்டுக்காரரின் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"இது இன்னா சாமி, கோடு கோடா?"

"ரோட்டுல போற வண்டிய எழுதறேம்மா. நெறைய வண்டி போனா ரோடு நல்லா போடுவாங்க. பஸ்ஸு வரும்."

"என்னைய எழுதிட்டியா?"

அவர் படிவத்தின் கட்டங்களை விரலால் தொட்டுக் காட்டினார். "நடந்து போறவங்கள எழுதக் கட்டம் இல்லம்மா."

"தெனம் காலைல போறேன், சாயந்திரம் வரேன். இதோ இவளுங்கள்லாம் போறாளுங்க. வெறகு வண்டிக்காரன் வாரத்துக்கு ஒருக்கா போறான், அவன எழுதியிருக்க. எங்கள எழுதலியா?"

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே, விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுகிற மாதிரிதான் சொன்னார். போய்விட்டார். என் வீட்டுக்காரர் வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு அடிக்கோலை வைத்து, சைக்கிள் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்தார். மேலே, 'தலைச்சுமையோடு நடப்பவர்' என்று எழுதினார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஒரு கட்டம் நிரம்பி வழிந்தது. விறகு வண்டிக்குப் போட்ட ஒற்றைக் கோட்டைத் தவிர மற்ற கட்டங்களெல்லாம் வெள்ளை.

"என் சைக்கிளையும் எழுதுங்களேன். பாவம், அந்தக் கட்டம் காலியாவே இருக்குது," என்றேன்.

"ஆபீஸ் ஆளுங்களோட வண்டிய எண்ணக் கூடாதும்மா."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே," என்றார்.

நாலாம் நாள் காலையில் எனக்கு சீட்டில் உட்கார்ந்து ஓட்ட வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாது. அக்கா பிடித்திருக்கிறார் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போனேன், பதில் வரவில்லை, திரும்பிப் பார்த்தால் அவர் தூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார். நான் விழவில்லை. அதற்கு மேல் என்னைப் பிடிக்க ஆள் இல்லை. சமமான மைலை விட்டுவிட்டு, மேலே ஏறுகிற சாலையில் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து இறக்கத்தில் விட்டுக்கொண்டு வந்தேன். காற்றில் தலைத்துண்டு பறந்தது. மறுபடி தள்ளிக்கொண்டு ஏறினேன், மறுபடி இறங்கினேன். மத்தியானச் சோறு அன்று தாமதம்.

சோற்றுக்குப் பிறகு தைரியம் முற்றி, கீழ்ப் பக்கம் முதல் வளைவு வரை போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். வளைவில் திரும்புகிறேன், எதிரே ஹாரன். நாலு நாளில் அந்தச் சாலையில் வந்த முதல் ஜீப் அது. எனக்கு பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய், ஓரத்தில் கொட்டியிருந்த சரளைக் குவியலில் போய்ச் சொருகினேன். ஜீப் நின்றது. வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார்.

"அடிபட்டுச்சாம்மா?"

"இல்லீங்க."

"எந்த ஊரு நீ?"

"காஞ்சிபுரங்க."

"காஞ்சிபுரத்துலேர்ந்து சைக்கிள்லியா வர்ற?"

"இல்லீங்க. பஸ்ல வந்தேன்."

அவர் என் பைஜாமாவையும் சட்டையையும் ஒருமுறை பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் ஜீப்பில் ஏறிக்கொண்டார். கணக்கெடுப்பைப் பார்வையிட வருவார் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்த பெரிய என்ஜினீயர் அவர்தான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. முழங்கை எரிச்சலைவிட வெட்கம் எரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக, முடிந்தவரை மெதுவாக, பலாமரத்தை நோக்கி நடந்தேன். அவர் போன பிறகு போய்ச் சேரலாம் என்று கணக்கு. ஆனால் என்ஜினீயர் முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். நான் பலாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

"ஜீப்ப எழுதிட்டியா?" என்று கேட்டார் என்ஜினீயர்.

"எழுதிட்டேன் சார்."

"சைக்கிள் கட்டத்துல ஒண்ணுமே இல்லியே. இப்ப நான் வர்றச்சே ஒரு பொம்பள சைக்கிள்ல வந்து சரளைல வுழுந்துச்சே. அது இன்னா, ஆகாயத்துல வந்துச்சா?"

"அது என் சம்சாரம் சார். நம்ம ஆபீஸ் ஆளுங்க வண்டிய எண்ணக் கூடாதுன்னு உத்தரவு சார்."

"ஆபீஸ் ஆளு நீ. அந்தம்மாவுக்கு ஆபீஸ்ல சம்பளம் தர்றாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எழுதுய்யா. ரோட்டுல போவுது, வருது. வுழுவுது வேற. விட்டுப்போன நாளுக்கும் சேத்து எழுது."

என் வீட்டுக்காரர் பென்சிலை எடுத்தார். மூன்று நாளாக நான் போனதும் வந்ததும் ஒன்றுவிடாமல் அவருக்கு நினைவிருந்தது. யோசிக்காமல் வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டே போனார். என்ஜினீயர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது ஏதுய்யா? படிவத்துல இல்லாத கட்டம்?"

"நடந்து போறவங்க சார். நான் போட்டேன்."

"இவங்கள்லாம் வண்டியா?"

"வண்டி இல்ல சார். வண்டில போவ வேண்டிய சுமைய தலைல தூக்கிக்கினு போறாங்க சார்."

அவர் அவ்வளவு நீளமாக ஒரு மேலதிகாரியிடம் பேசி நான் கேட்டதில்லை. கட்டிய கையை அவிழ்த்துச் சாலையைக் காட்டினார். அந்த நேரத்தில் உண்மையாகவே நாலைந்து பெண்கள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். என்ஜினீயர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு அவர்கள் கடந்து போகும்வரை பார்த்தார்.

"வச்சிரு. மேல இன்னா சொல்றாங்களோ பாக்கலாம்," என்று எழுந்தார். ஜீப்பில் ஏறும்போது மரத்தின் பக்கம் பார்த்து, "பிரேக்கப் புடிச்சுக் கத்துக்கம்மா மொதல்ல," என்றார்.

மறுநாள் அந்த அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். தன்னை எழுதியிருப்பதைப் பற்றி அவர் பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. "சரி, எழுதிக்கட்டும்," என்றார். சைக்கிள் கட்டத்தில் நான் ஒருத்திதான் என்று கேட்டதும்தான் அவருக்குக் கண் பளிச்சிட்டது.

"குடு, நானும் பாக்கறேன்."

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு குரங்கு பெடலில் காலை விட்டார். நான் மூன்று நாள் பட்ட பாட்டை அவர் ஒரு பிற்பகலில் முடித்துவிட்டார். இருபது தடவை விழுந்திருப்பார். விழும்போது தானே முதலில் சிரித்தார். சாயங்கால வெயிலில், உப்புப் பொட்டலத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, சமமான மைல் முழுதும் தனியாக மிதித்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கோடு போட்டார். மற்றப் பெண்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு மீதி நாட்களில் எனக்கு சைக்கிள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. வரிசையில் நின்று வாங்க வேண்டியிருந்தது. வாரக் கடைசியில் சைக்கிள் கட்டம் பார்க்க அழகாக இருந்தது. எல்லாம் ஒரே சைக்கிள் என்பதையும் அவர் அடியில் ஒரு குறிப்பாக எழுதித்தான் வைத்தார். மனசு கேட்காது.

எட்டாம் நாள் விடிந்ததும் இறங்கினோம். பாத்திரங்களை அந்தப் பெண்கள் ஆளுக்கொன்றாகத் தலைச்சுமையோடு சேர்த்துக்கொண்டார்கள். "நீ சைக்கிள்ல போ. நாங்க குறுக்கு வழியில எறங்கறோம், அடிவாரத்துல நில்லு," என்றார் என் வீட்டுக்காரர்.

"எட்டு மைலும் நான் ஒருத்தியாவா?"

"எதிர்ல வண்டி ஒண்ணும் வராதும்மா. ஒரு வாரமா எண்ணியிருக்கேனே."

அந்த எட்டு மைலை நான் எப்படிச் சொல்வேன். வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்து, பிரேக் கட்டை சூடாகி ரப்பர் நாற்றம் அடித்தால் இறங்கி நின்று, ஆறியதும் மறுபடி ஏறினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. நெல்லி மரங்களுக்கு அடியில் காய் உதிர்ந்து கிடந்தது. ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் குரங்குக் குடும்பம் ஒன்று உட்கார்ந்து, நான் கடந்து போவதைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மைல் கல் ஒவ்வொன்றையும் நான் சத்தமாகப் படித்தேன். யாரும் இல்லை என்பதால் கொஞ்சம் பாடவும் செய்தேன். நடுவில் ஒரு நீண்ட நேர் இறக்கம் வந்தது. அங்கே பிரேக்கை விட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்து வழி மங்கியது. பயம் என்று ஒன்று தோன்றவே இல்லை. இது முடிந்துவிடுமே என்ற வருத்தம்தான் இருந்தது.

அடிவாரத்தில் அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். அரைமணி கழித்து அவர்கள் புதரிலிருந்து வெளியே வந்தார்கள். என் வீட்டுக்காரர் தலையிலும் ஒரு சாமை மூட்டை இருந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஊர் போய்ச் சேர்ந்தும் இரண்டு நாள் அப்படியே இருந்தது.

படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே இருந்தவர்கள் அவர் போட்ட கட்டத்தை ஏற்கவில்லை. புதுப் படிவத்தில் நகல் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தார், ஆனால் குறிப்பு எழுதுகிற இடத்தில் நடந்து போகிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதினார், என்ஜினீயர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். யார் படித்தார்களோ தெரியாது. சில வருஷம் கழித்து அந்த மலைக்கு பஸ் போகிறது என்று கேள்விப்பட்டோம். உங்களால்தானா என்று கேட்டால், "தேர்தல் வந்துச்சுமா," என்று சிரிப்பார்.

காஞ்சிபுரத்தில் நான் சைக்கிளைத் தொடவில்லை. தெரு அப்படியேதான் இருந்தது. ஆனால் சித்திரையில் தென்னேரிக்குப் போயிருந்தபோது, காலையில் ஏரிக்கரையைப் பார்த்தேன். நீளமாக, அகலமாக, ஆளே இல்லாமல் கிடந்தது. அவரைப் பார்த்தேன். அவர் சைக்கிள் சாவியைக் கொடுத்தார். இந்த முறை பைஜாமா இல்லை. புடவையை வயல்வேலைக்குக் கட்டுவது மாதிரி இழுத்துச் சொருகிக்கொண்டேன். கரையின் மறுகோடி வரை போய்த் திரும்பி வந்தால், மாமியார் நடுக்கரையில் நிற்கிறார். கையில் தூக்கு வாளி, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் இறங்கித் தலைகுனிந்து நின்றேன்.

"எங்க கத்துக்கின இத?"

"மலைல, அத்த."

"மோர்சோறு ஆக்கிப் போடத்தான உன்ன அனுப்புனேன்."

"அதுவும் போட்டேன் அத்த."

அவர் சைக்கிளைச் சுற்றி வந்தார். கேரியரைக் கையால் அழுத்திப் பார்த்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் நிலத்தைப் பார்த்தார். நடந்தால் முக்கால் மணி நேரம்.

"தாங்குமா இது என்னைய?" என்றார்.

"தாங்கும் அத்த."

"அப்ப புடி," என்று வாளியை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு ஏறி உட்கார்ந்தார். முன்சக்கரம் தூக்கியது. நான் முழு பலத்தையும் போட்டு மிதித்தேன். கொஞ்ச தூரம் வளைந்து வளைந்து போனது, பிறகு நேரானது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வழி நெடுக உத்தரவு வந்துகொண்டே இருந்தது: "அந்தப் பக்கம் போவாத, ஈரமா இருக்குது. மெதுவா போ. இன்னாத்துக்கு இவ்ளோ மெதுவா போற?"